1,500 கிராமுக்குக் குறைந்த குறைமாதக் குழந்தைக்கு ரத்தக்குழாய் வழி ஊட்டம்: கணக்கு முதல் குழாயை எடுப்பது வரை

புதுச்சேரியில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் டிபிஎன் (ரத்தக்குழாய் வழியாகவே தரும் முழு ஊட்டம்) கணக்கைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நேர்கிறது. கணக்கைச் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறார்கள். சர்க்கரை கடைசியில் வர வேண்டியது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்ற எல்லை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அதில் அமினோ அமிலம் (புரதத்துக்கு), லிப்பிட் (கொழுப்புக் கரைசல்), கால்சியம் மூன்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் டெக்ஸ்ட்ரோஸுக்கு, அதாவது சர்க்கரைக் கரைசலுக்கு.

வரிசையை மாற்றினால், நீர் முழுவதையும் டெக்ஸ்ட்ரோஸ் பிடித்துக்கொள்கிறது; "அமினோ அமிலத்தை நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஆகிவிடுகிறது. வெறும் சர்க்கரை நீரில் கிடக்கும் மிகச் சிறிய குழந்தை, ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தன் சொந்தப் புரதத்தை இழக்கிறது. அந்த நாளை யாரும் திருப்பித் தர முடியாது.

கீழே உள்ளவை மருத்துவமனை ஊழியர்களுக்கான வேலை முறை. உங்கள் பிரிவின் எழுதப்பட்ட நெறிமுறையும் பொறுப்பு மருத்துவரின் உத்தரவும் இதற்கு மேலே.

1. பாட்டிலைத் திறக்கும் முன்

பிறப்பு எடை, கர்ப்ப வாரம், பிறந்து எத்தனை மணி நேரம், கடைசி ரத்தச் சர்க்கரை, சிறுநீர் போனதா என்ற விவரம், ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியல். இவ்வளவும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

கணக்குக்குப் பிறப்பு எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் உடல் நீர் குறைந்து எடை இறங்கும். பத்து சதவீத இறக்கம் வழக்கமானதுதான். இறங்கிய எடையை வைத்துத் தினமும் புதுக் கணக்குப் போட்டால் ஊட்டமும் கூடவே இறங்கிவிடும். குழந்தை பிறப்பு எடையைத் தாண்டிய பிறகு அன்றன்றைய எடைக்கு மாறலாம்.

பண்ருட்டியிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ 108 ஆம்புலன்ஸில் வந்து சேரும் குழந்தையின் சீட்டில் எழுதியிருக்கும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் தராசில் ஒரு முறை போடுங்கள். இந்த அளவுக் குழந்தைக்கு 100 கிராம் பிழை என்பது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு பிழை.

2. எந்தக் குழாய் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கலவை எவ்வளவு அடர்த்தியாக இருக்கலாம் என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கிறது. கையிலோ காலிலோ போட்ட சாதாரண கேனுலா என்றால் டெக்ஸ்ட்ரோஸ் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்த ஆஸ்மோலாரிட்டி (கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தி) லிட்டருக்கு 900 மில்லிஆஸ்மோலுக்குள் இருக்க வேண்டும். தொப்புள் சிரைக் குழாய் அல்லது பிக் லைன் (கை, கால் சிரை வழியாக இதயத்துக்கு அருகில் உள்ள பெருஞ்சிரை வரை செலுத்தும் மெல்லிய குழாய்) போன்ற மையக் குழாய் இருந்தால் அதற்கு மேலும் போகலாம்.

தொப்புள் சிரைக் குழாய் போட்டவுடன் ஊட்டத்தை இணைக்க வேண்டாம். எக்ஸ்ரே பார்த்து, நுனி உதரவிதானத்தை ஒட்டி, கீழ்ப்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் இருப்பதை உறுதி செய்யுங்கள். படத்தில் அது எட்டு, ஒன்பதாவது மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் தெரியும். நுனி கல்லீரலுக்குள் நின்றால் அடர்ந்த கலவை அங்கேயே கொட்டித் திசுவைப் புண்ணாக்கும். இதயத்துக்குள் போய்விட்டால் இதய உறைக்குள் திரவம் கசிந்து, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று சரியும்.

கேனுலாவில் ஓடுகிறது என்றால் மணிக்கு ஒரு முறை அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கையை முழுவதும் பிளாஸ்திரியால் சுற்றிவிட்டுப் பார்த்ததாக எழுதுவதில் பயனில்லை. கால்சியம் கலந்த திரவம் தோலுக்கடியில் கசிந்தால் தோல் கருகி உதிரும். தழும்பு ஆயுளுக்கும் நிற்கும்.

3. நீரைப் பங்கு பிரிப்பது

முதல் நாள் கிலோவுக்கு 80 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிராமுக்குக் கீழே இருந்தால் தோல் வழியாக நீர் அதிகம் போகும், ஆகவே கூடுதலாகத் தேவைப்படலாம். அதன் பிறகு எடை, சோடியம், சிறுநீர் அளவைப் பார்த்து நாளுக்கு 10 முதல் 20 மி.லி. வரை கூட்டி, ஒரு வாரத்தில் 150 அளவுக்குக் கொண்டுவருகிறோம்.

இந்த நீருக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். ஆன்டிபயாடிக் கரைத்த திரவம், தமனிக் குழாயில் ஓடும் திரவம், ரத்த அழுத்தத்துக்கான டோபமைன் ஓடினால் அது, மருந்துக்குப் பின் குழாயைக் கழுவும் ஒவ்வொரு மில்லிலிட்டரும். புதியவர்கள் விடுவது இதைத்தான். ஒரு கிலோ குழந்தைக்கு நாள் முழுவதும் கழுவியதைக் கூட்டிப் பாருங்கள், எட்டுப் பத்து மில்லி சாதாரணமாக வந்துவிடும். அதைக் கழிக்காவிட்டால் குழந்தைக்கு நீர் மிகும். கழுவியது நார்மல் சலைன் என்றால், சோடியமே வேண்டாம் என்று நாம் ஒதுக்கிவைத்த முதல் நாளில் சோடியமும் பின்வாசல் வழியாகப் போயிருக்கும்.

4. ஒரு கணக்கு, முழுவதுமாக

1.2 கிலோ குழந்தை, முதல் நாள். எளிமைக்காக மருந்துத் திரவம் ஏதுமில்லை என்று கொள்வோம்.

மொத்த நீர்: 80 × 1.2 = 96 மி.லி.

அமினோ அமிலம் கிலோவுக்கு 2 கிராம். மொத்தம் 2.4 கிராம். பச்சிளம் குழந்தைகளுக்கான 10 சதவீதக் கரைசலில் அது 24 மி.லி. பெரியவர்களுக்கான அமினோ அமிலக் கரைசலை எடுத்துவிடக் கூடாது. அதன் சேர்மானம் வேறு. அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

லிப்பிட் கிலோவுக்கு 1 கிராம். மொத்தம் 1.2 கிராம்; 20 சதவீத லிப்பிட்டில் 6 மி.லி. 24 மணி நேரத்துக்கு மணிக்கு 0.25 மி.லி.

கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் கிலோவுக்கு 4 மி.லி. மொத்தம் 4.8 மி.லி. ஒரு மில்லியில் தனிமக் கால்சியம் ஏறக்குறைய 9 மி.கி.; ஆகவே கிலோவுக்கு 36 மி.கி. கிடைக்கிறது.

மிச்சம்: 96 − 24 − 6 − 4.8 = 61.2 மி.லி. இதற்குள் சர்க்கரை.

நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மி.கி. வேகத்தில் சர்க்கரை தர வேண்டும் என்றால், நாளைக்குக் கிலோவுக்கு 6 × 1.44 = 8.64 கிராம் (நாளுக்கு 1,440 நிமிடம்; மில்லிகிராமைக் கிராமாக்கினால் 1.44). 1.2 கிலோவுக்கு 10.37 கிராம். 61.2 மி.லி. முழுவதும் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸாக இருந்தால் 6.12 கிராம்தான் வரும். பற்றாக்குறை 4.25 கிராம். ஒரு மில்லி 10 சதவீதத்தை எடுத்துவிட்டு ஒரு மில்லி 50 சதவீதத்தை வைத்தால் 0.4 கிராம் கூடும். 4.25-ஐ 0.4-ஆல் வகுத்தால் 10.6. ஆக, 50 சதவீதம் 10.6 மி.லி., 10 சதவீதம் 50.6 மி.லி. உங்களிடம் 25 சதவீதம்தான் இருக்கிறது என்றால், அதே முறையில் 0.15-ஆல் வகுக்க 28.3 மி.லி. வரும், மீதி 32.9 மி.லி. 10 சதவீதம்.

லிப்பிட் தனிப் பாதை. மற்றவை எல்லாம் சேர்ந்து 90 மி.லி., மணிக்கு 3.75 மி.லி.

இப்போது பின்னாலிருந்து சரிபாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். கலவையில் டெக்ஸ்ட்ரோஸ் 10.37 / 90, அதாவது 11.5 சதவீதம். சதவீதத்தை மணி வேகத்தால் பெருக்கி, எடையின் ஆறு மடங்கால் வகுத்தால் சர்க்கரை வேகம் கிடைக்கும்: 11.5 × 3.75 / 7.2 = 6. சரியாக இருக்கிறது.

ஆஸ்மோலாரிட்டிக்கு, லிட்டரில் உள்ள டெக்ஸ்ட்ரோஸ் கிராமை ஐந்தாலும் அமினோ அமிலக் கிராமை பத்தாலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 115 × 5 = 575; 26.7 × 10 = 267; கூட்டினால் 842. கால்சியத்தையும் சேர்த்தால் 880-ஐ ஒட்டும். டெக்ஸ்ட்ரோஸ் 12.5-க்குள் இருக்கிறதே, கேனுலாவில் ஓட்டலாம் என்று தோன்றும். காகிதத்தில் சரிதான். ஆனால் கரை தொட்டு நிற்கும் கலவை இது, கால்சியமும் இருக்கிறது. நான் இதை மையக் குழாயில்தான் ஓட்டுவேன்.

கலோரி: சர்க்கரை 10.37 × 3.4 = 35; அமினோ அமிலம் 2.4 × 4 = 9.6; லிப்பிட் 6 மி.லி. × 2 = 12. மொத்தம் 57 அளவுக்கு, கிலோவுக்கு 47. முதல் நாளுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் போதும்.

5. இரவில் வந்த குழந்தைக்கு

இரவு பதினொன்றுக்கு வரும் குழந்தைக்கு மேலே சொன்ன கலவையைத் தயாரிக்க ஆள் இருக்காது. அதற்காகக் காலை வரை வெறும் டெக்ஸ்ட்ரோஸ் ஓட்ட வேண்டியதில்லை. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மூன்று பங்கு, 10 சதவீத அமினோ அமிலம் ஒரு பங்கு. கிலோவுக்கு 80 மி.லி. என்று ஓட்டினால், எந்த எடைக்கும் கிலோவுக்கு 2 கிராம் அமினோ அமிலமும் 6 கிராம் சர்க்கரையும் தானாக வந்துவிடும்.

சர்க்கரை வேகம் 4.2 மட்டுமே, ஆகவே முதல் மணி நேரத்திலும் பிறகு அடிக்கடியும் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். இதன் ஆஸ்மோலாரிட்டி 625 அளவில் நிற்பதால் கேனுலாவில் ஓடும். கலோரி கிலோவுக்கு 28-தான் தேறும். இது ஓர் இரவுக்கு மட்டும். இரண்டாம் நாளும் இதையே ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலை குறைவாக இருப்பதுதான் அதற்குக் காரணம், வேறொன்றுமில்லை.

6. கலப்பது

லேமினார் ஃப்ளோ மேடையை (வடிகட்டிய காற்று வீசும் மேடை) முன்கூட்டியே ஓடவிட்டு, துடைத்து, தொப்பி, முகக்கவசம், மலட்டு கவுன், கையுறையுடன் இரண்டு பேர். ஒருவர் தாளைப் படித்துச் சொல்ல, மற்றவர் உறிஞ்சுகிறார். உறிஞ்சிய அளவைச் சிரிஞ்சில் காட்டிய பிறகே கலவையில் தள்ள வேண்டும். தள்ளிய பின் காலி சிரிஞ்சைக் காட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

முதலில் டெக்ஸ்ட்ரோஸும் அமினோ அமிலமும். பாஸ்பேட் சேர்ப்பதாக இருந்தால் அதன் பிறகு, பின்னர் மற்ற உப்புகள், கால்சியம் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையில் கலக்கிவிடுங்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் படியும். அவை நுரையீரல் ரத்தக்குழாய்களில் போய் அடைக்கும். தயாரான கலவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். லேசாகக் கலங்கியிருந்தாலும் கொட்டிவிட வேண்டும். விலையைப் பார்க்கும் இடம் இதுவல்ல.

லிப்பிட்டை இதே கலவையில் ஊற்ற வேண்டாம். அது தனிச் சிரிஞ்ச். குழந்தைக்கு அருகில் மட்டுமே ஒய் இணைப்பில் சேர வேண்டும். கால்சியம் நேரடியாகப் பட்டால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். பல உயிர்ச்சத்துக் கலவையை எங்கே சேர்ப்பது என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: குழாய் நிரம்பவும் வீணாவதற்கும் சேர்த்துக் கூடுதலாகத்தான் தயாரிப்போம். 90 தேவை என்றால் 120. அந்தக் கூடுதல் 30 மி.லி.யை டெக்ஸ்ட்ரோஸ் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அத்தனை கணக்கும் அந்த நொடியே பாழ். ஒவ்வொரு பொருளையும் ஒரே விகிதத்தில், இங்கே 4/3 மடங்காகக் கூட்ட வேண்டும்: அமினோ அமிலம் 32, கால்சியம் 6.4, 50 சதவீதம் 14.2, 10 சதவீதம் 67.4.

7. இணைப்பதும் பம்பும்

நீர்க்கலவைக்கு 0.22 மைக்ரான், லிப்பிட்டுக்கு 1.2 மைக்ரான் வடிகட்டி. மாற்றிப் போட்டால் லிப்பிட் ஓடாது, பம்ப் அலறும். அலறலை நிறுத்த வடிகட்டியையே கழற்றிவிடுவதும் நடக்கிறது.

லிப்பிட்டுக்குச் சிறிய சிரிஞ்ச், 10 மி.லி. போதும். 50 மி.லி. சிரிஞ்சில் 0.25 வேகம் வைத்தால் பம்ப் சிரிஞ்சை நெருங்கித் தள்ளத் தொடங்கவே நெடுநேரம் பிடிக்கும். இணைக்கும் முன் பம்பிலேயே குழாயை நிரப்பி, நுனியில் துளி வருவதைப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

மிக மோசமான பிழை இனிமேல்தான். இரண்டு பம்புகளும் ஒன்றன் மேல் ஒன்று. நீர்க்கலவை 3.75, லிப்பிட் 0.25. வேகங்கள் இடம் மாறினால் ஒரு நாளுக்கான லிப்பிட் ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே போய்விடும். அதே நேரத்தில் சர்க்கரை கிட்டத்தட்ட நின்றுபோய் ரத்தச் சர்க்கரை சரியும். ஆகவே லிப்பிட் சிரிஞ்சில் அன்றைய அளவும் குழாய் நிரம்பும் அளவும் மட்டுமே ஏற்றுங்கள். வேகத்தை அழுத்திய பின், இரண்டாவது ஆள் பம்பிலிருந்து குழந்தை வரை குழாயை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, எண்ணை உரக்கப் படிக்க வேண்டும்.

சிரிஞ்சையும் குழாயையும் வெளிச்சம் படாமல் மூடுங்கள். உயிர்ச்சத்தும் லிப்பிட்டும் வெளிச்சத்தில் பெராக்சைடுகளை உண்டாக்கும். ஒளிச்சிகிச்சை விளக்கின் கீழே இன்னும் அதிகம். ஆனால் அலுமினியத் தாளைச் சுற்றும்போது பெயர்ச்சீட்டு தாளுக்குள் போய்விடுகிறது. சீட்டைத் தாளின் மேல் ஒட்டுங்கள்.

பேரக்குழந்தையைப் பார்க்க வந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "வெள்ளையாக ஏறுகிறதே, அது தாய்ப்பாலா சிஸ்டர்?" நியாயமான கேள்வி. கறந்த பாலும் லிப்பிட்டும் ஒரே நிறம், ஒரே மாதிரி சிரிஞ்ச். அந்தப் பாட்டிக்குத் தோன்றியது இரவுப் பணியில் கண் சொக்கும் செவிலியருக்கும் தோன்றலாம். பாலை ரத்தக்குழாயில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. வயிற்றுக் குழாய்க்கு ரத்தக்குழாய் இணைப்பில் பொருந்தாத தனி வகைச் சிரிஞ்ச் கிடைக்கிறது. அதை வாங்கும்படி நிர்வாகத்தை விடாமல் நச்சரியுங்கள். கிடைக்கும் வரை பால் பம்ப் படுக்கையின் ஒரு பக்கம், ஊட்டப் பம்ப் மறுபக்கம்.

இந்தக் குழாயில் மருந்து, ரத்தம் எதையும் ஏற்ற வேண்டாம்; அதிலிருந்து ரத்தம் எடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை திறப்பதும் கிருமிக்குக் கதவு திறப்பதுதான். திறந்தே ஆக வேண்டுமென்றால் ஆல்கஹால் பஞ்சால் 15 நொடி தேய்த்து, உலரவிட்டு, பிறகு.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் கரையில் இன்னொரு வேலையும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. மழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு சிரிஞ்ச் பம்பையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட்டு, பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்து பம்பின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். திரையில் பேட்டரி முழுமை என்று காட்டும் பழைய பம்ப் சில நிமிடங்களில் அணைவதுண்டு.

8. இரண்டாம் நாளிலிருந்து

இரண்டாம் நாள் அமினோ அமிலம் 3 கிராம், மூன்றாம் நாள் 3.5. லிப்பிட் 2, பிறகு 3. சர்க்கரை வேகத்தை நாளுக்கு 1 அல்லது 2 கூட்டி 10 வரை. 12-ஐத் தாண்டத் தேவையில்லை. முதல் வாரம் முடிவதற்குள் கிலோவுக்கு 90 கலோரியைத் தாண்டிவிட வேண்டும்.

சோடியம் முதல் ஓரிரு நாள் வேண்டாம். சிறுநீர் பெருகி எடை இறங்கத் தொடங்கியதும் சேர்க்கலாம். பொட்டாசியம், சிறுநீர் நன்றாகப் போகிறது என்று உறுதியான பிறகு. ஆனால் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தொங்க வேண்டாம். அமினோ அமிலம் நன்றாக ஏறும்போது செல்கள் வளரத் தொடங்கி, பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கருவிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகளில் இது அதிகம். கால்சியம் உயர்ந்து பாஸ்பேட் தாழ்ந்திருந்தால் கால்சியத்தைக் குறைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பாஸ்பேட் கொடுக்க வழி பாருங்கள்.

9. என்ன பார்க்க வேண்டும்

சர்க்கரை முதல் நாட்களில் ஆறு மணிக்கொரு முறை, வேகம் மாற்றிய பிறகும் ஒரு முறை. டெசிலிட்டருக்கு 45 மி.கி.க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 180-ஐத் தாண்டினால், டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையிலேயே மாதிரி எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். வேறு காலில் குத்தி மீண்டும் பாருங்கள். உண்மையாகவே கூடியிருந்தால் சர்க்கரை வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது, நோய்த்தொற்று இருக்கிறதா என்று தேடுவது, அதற்குப் பிறகே இன்சுலின். அமினோ அமிலத்தையும் சேர்த்து நிறுத்திவிடுவது தேவையற்றது. அமினோ அமிலம் குழந்தையின் சொந்த இன்சுலின் சுரப்பைத் தூண்டக்கூடியது.

எடை தினமும். எலக்ட்ரோலைட் முதல் வாரம் தினமும், பிறகு இடைவெளி விடலாம். லிப்பிட் கூட்டும் நாட்களில் ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), டெசிலிட்டருக்கு 265 மி.கி.க்கு மேல் போனால் லிப்பிட் அளவைக் குறைக்கிறோம். ஊட்டம் இரண்டு வாரத்தைத் தாண்டினால் வாரம் ஒரு முறை நேரடி பிலிரூபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும். இந்தப் பரிசோதனைகளுக்காக எடுக்கும் ரத்தமும் குழந்தையுடையதுதான். ஒரே குத்தலில் முடியுமாறு திட்டமிடுங்கள்.

10. பால் ஏற ஏற இறக்குவது

முதல் நாளிலேயே சீம்பால் கிடைத்தால் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வயிற்றுக் குழாயில் தொடங்கலாம். தாய்க்கு இன்னும் சுரக்கவில்லை என்றால் தாய்ப்பால் வங்கியில் கேட்கலாம். ஜிப்மரில் ஒன்று இருக்கிறது. குழந்தை தாங்கினால் நாளுக்கு 20 முதல் 30 மி.லி. கூட்டுகிறோம். பால் ஏறும் அளவுக்கு ஊட்டத்தின் நீர் குறையும்.

இங்கேதான் புரதம் சத்தமில்லாமல் விழுகிறது. பால் 80 மி.லி. ஆனதும் பாதி தாண்டிவிட்டது என்று அமினோ அமிலத்தை 1 கிராமுக்கு இறக்குவார்கள். தாய்ப்பாலில் 100 மி.லி.க்குப் புரதம் ஒரு கிராம் அளவுதான். பாலிலிருந்து 0.8, குழாயிலிருந்து 1. மொத்தம் இரண்டுகூட இல்லை. நீரைக் குறையுங்கள், அமினோ அமிலத்தை இரண்டும் சேர்ந்து 3.5 வரும்படி வையுங்கள். பால் 80 முதல் 100 மி.லி. ஆகும்போது செறிவூட்டி (பாலில் புரதமும் சத்தும் கூட்டும் பொடி) சேர்த்த பிறகு அமினோ அமிலத்தை இறக்கலாம்.

பால் கிலோவுக்கு 100 முதல் 120 மி.லி. எட்டி, குழந்தை தாங்கிக்கொண்டால் ஊட்டத்தை நிறுத்தலாம். சட்டென்று மூடாமல் சில மணி நேரத்தில் வேகத்தைப் பாதியாக்கி, பிறகு நிறுத்துங்கள். நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள்ளும், அடுத்த பாலுக்கு முன்னும் சர்க்கரை பாருங்கள்.

குழாயை அன்றே எடுத்துவிட வேண்டும். "நாளைக்கு ஏதாவது தேவைப்படும்" என்று வைத்திருக்கும் குழாயில்தான் தொற்று வரும். வெளியே வந்த குழாயை, போட்டபோது குறித்த நீளத்தோடு ஒப்பிட்டு, நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தையும் நீளத்தையும் நோயாளி ஏட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.